தும்பையைச் சமைக்கலாம், மூக்கில் ஊற்றலாமா?

வாசகி கேள்வி: ஐயா, நாங்கள் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மொட்டைமாடித் தொட்டியில் புதினா வைத்தால் ஒவ்வொரு வருடமும் சித்திரை வெயிலில் கருகிவிடுகிறது. பக்கத்துக் காலிமனையிலோ, மழை பெய்ததும் தும்பை தானாக முளைத்துக் காடாகக் கிடக்கிறது. தும்பையும் புதினாக் குடும்பம்தான், நம் மண்ணின் காட்டுப் புதினா அது என்று ஒரு மூலிகைக் கண்காட்சியில் சொன்னார்கள். நிஜமா? புதினா போலச் சட்னி அரைக்கலாமா? மாடியில் வளர்க்க முடியுமா? என் ஆறு வயது மகனுக்கு எப்போதும் மூக்கடைப்பு, காலையில் எழுந்தால் அடுக்குத் தும்மல். தும்பைச் சாறு இரண்டு சொட்டு மூக்கில் விட்டால் சளியெல்லாம் கொட்டிவிடும் என்கிறார் என் அத்தை. அவருடைய ஊரில் பாம்புக்கடிக்கே தும்பைச் சாறுதான் கொடுப்பார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது, மறுத்துப் பேசவும் தயக்கம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் “கவிழ்தும்பைப் பொடிதான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

சித்த மருத்துவர் பதில்:

முதலில் மூக்கு. சாற்றைப் பையன் மூக்கில் விட வேண்டாம். மற்ற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம், இதை மட்டும் இன்றைக்கே நிறுத்தி வையுங்கள்.

உங்கள் அத்தை சொல்வது கற்பனை இல்லை. தும்பைச் சாற்றை மூக்கில் விட்டால் நிஜமாகவே சளி கொட்டும். மூக்கின் உள்தோல் மிக மெல்லியது. எரிச்சல் தரும் எது பட்டாலும் அது தன்னைக் கழுவிக்கொள்ளத் தண்ணீராகச் சுரக்கும். கண்ணில் மிளகாய் பட்டால் கண்ணீர் வருகிறதே, அது மாதிரி. உள்ளே தேங்கியிருந்த பழைய சளி முழுக்க வெளியேறிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி அந்த நிமிடத்தில் புதிதாகச் சுரந்த நீர். அரை நாள் மூக்கு லேசாக இருக்கும், அப்புறம் உள்தோல் வீங்கிப் பழையபடி அடைத்துக்கொள்ளும்.

மூக்கு வழியாக மருந்து விடும் நசியம் எங்கள் மருத்துவத்தில் உண்டு. நானும் செய்கிறேன். ஆனால் அது முறையாகக் காய்ச்சி வடித்த மருந்தை, பெரியவர்களுக்கு, படுக்கவைத்து, அளந்து விடுவது. காலிமனையில் பறித்து அம்மியில் நசுக்கித் துணியில் பிழிந்த பச்சைச் சாறு வேறு. அதில் மண்ணும் கிருமியும் இருக்கும், பிழியச் சேர்த்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாது. எரிச்சலில் குழந்தை திமிறி மூச்சை இழுத்தால் சாறு நுரையீரலுக்குள் போகவும் வாய்ப்பு உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது தேவையே இல்லை.

பையனின் தொல்லை என்ன என்று பார்ப்போம். காலையில் அடுக்குத் தும்மல், மூக்கில் அரிப்பு, தெளிந்த நீர் என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. தலையணை, மெத்தை, பொம்மைகளில் வாழும் தூசிப்பூச்சி இதற்கு ஒரு முக்கியக் காரணம். தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பஞ்சு பொம்மைகளைப் படுக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து குழந்தைகளுக்கே உரியது, மூக்கை இளக்க அது போதும். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, அந்தப் பக்கம் நாற்றத்தோடு சளி என்றால், உள்ளே கடலையோ ரப்பர் துண்டோ மாட்டியிருக்கலாம். இந்த வயதில் அது சகஜம். வாயைத் திறந்தபடி தூங்கி, குறட்டையும் விட்டால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் போக வேண்டும். எந்தச் செடியும் உதவாது.

அத்தையிடம் “தும்பையே வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். அவருக்குத் தெரிந்த இன்னொரு பக்குவம் நிச்சயம் இருக்கும்: தும்பைப் பூப் பால். பையனுக்கு 5, 6 பூவைக் கழுவி அரை டம்ளர் பாலில் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, பனங்கற்கண்டு சேர்த்து இரவில் கொடுக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் கொடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அது ஒவ்வாமையைத் தீர்க்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், பாட்டி கையால் ஏதோ கொடுத்த நிறைவும் இருக்கும். இரண்டுமே நல்லதுதான். பையனுக்குப் பாலே ஒத்துக்கொள்ளாது என்றால் இதையும் விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. கண்காட்சியில் சொன்னது சரி. தாவரவியல்படி தும்பையும் புதினாவும் ஒரே குடும்பம். லூகஸ் ஆஸ்பெரா என்பது தும்பையின் அறிவியல் பெயர். நான்கு பட்டையான தண்டு, எதிரெதிரே இலைகள், மேலுதடு கீழுதடு என்று பிரிந்த பூ ஆகியவை அந்தக் குடும்பத்தின் அடையாளங்கள். துளசி, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவள்ளி, பேய்மிரட்டி எல்லாம் இதில் சேரும். 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. நொச்சியையும் தேக்கையும்கூட இப்போது இதில்தான் சேர்த்திருக்கிறார்கள். எனவே ஒரே குடும்பம் என்பதை வைத்து ருசியையோ குணத்தையோ முடிவு செய்துவிட முடியாது. தேக்கிலையில் யாரும் சட்னி அரைப்பதில்லையே.

புதினாவின் அந்தக் குளிர்ந்த மணம் தும்பையில் கிடையாது. இலையைக் கசக்கினால் காரமும் பச்சை வாடையும் கலந்த ஒரு நெடி வரும். ருசி கசப்பு. புதினாவை நினைத்துக்கொண்டு அரைத்தால் ஏமாந்துபோவீர்கள். கீரை என்று நினைத்துச் சமைத்தால் பிடித்துப்போகும். அசாமில் இதை தொரோண் என்று சொல்லிக் கீரையாகவே சமைக்கிறார்கள். ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் மழைக்காலக் கீரைகளில் இதுவும் ஒன்று. நம் பக்கம் அது பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்க மாலையோடு வாங்கும் பூவாகவும், “தும்பைப் பூ மாதிரி வேட்டி” என்று சொல்வதற்கான உவமையாகவும் ஒதுங்கிவிட்டது. கீரைக்காரம்மா கூடையில் அதைக் காண்பது அபூர்வம்.

சமைப்பதற்கு முன்னால் செடி எது என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கறார். ஏனென்றால் உங்கள் கடைக்காரர் சொன்னது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. கவிழ்தும்பையும் தும்பையும் ஒன்றல்ல. பெயரில்தான் உறவு. செடிகளோ வெவ்வேறு குடும்பம்.

தும்பையில் கணுவுக்குக் கணு பச்சைக் குப்பிகள் ஒரு வளையமாக நெருங்கி நிற்கும். அவற்றிலிருந்து சுத்த வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்க்கும். மேலுதடு சின்னது, மேலே மயிர்கள் இருக்கும். கீழுதடு அகலமாக நாக்கு நீட்டியது போல இருக்கும். காலையில் பூவைச் சுண்டி இழுத்தால் குப்பியை விட்டுச் சுலபமாக வந்துவிடும், அடியில் ஒரு துளித் தேன் இருக்கும். சின்ன வயதில் எல்லோரும் அதை உறிஞ்சியிருப்போம். இலை நீண்டு குறுகியது, தொட்டால் சொரசொரப்பு. தண்டை விரலிடுக்கில் உருட்டினால் நான்கு முனை தட்டுப்படும்.

கவிழ்தும்பையின் பூ தனித்தனியாக, தலை கவிழ்ந்து தொங்கும். ஐந்து இதழ், வெளிர் நீலம் அல்லது ஊதா சாயல். காம்பில்லாத இலை தண்டைத் தழுவி நிற்கும். செடி முழுக்கக் குத்தும் முரட்டு மயிர். அது தேள்கொடுக்குச் செடியின் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பல செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சு உண்டு. ஈரலின் நுண்ணிய ரத்த நாளங்களை அடைக்கக்கூடியது அது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. ஒரு நாளில் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். இதே வகை நச்சு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்த சர்குஜா மாவட்டத்தில் 1970-களில் சிறுதானியத்தோடு கிலுகிலுப்பைச் செடியின் விதை கலந்துபோய், அதைச் சாப்பிட்ட மக்களுக்கு வயிறு வீங்கி ஈரல் கெட்டு உயிரிழப்புகள் நேர்ந்தன. கிலுகிலுப்பை வேறு குடும்பம், ஆனால் நச்சு இதே ரகம்.

பழைய ஏடுகளில் கவிழ்தும்பைக்கும் இடம் உண்டு. இருந்தாலும் நான் அதை உள்ளுக்குக் கொடுப்பதில்லை. உங்களுக்கும் வேண்டாம். பொதுவாகவே தும்பைப் பொடி என்று பாக்கெட்டில் விற்பதை வாங்காதீர்கள். பொடியான பிறகு எது தும்பை, எது கவிழ்தும்பை என்று என்னாலும் கண்ணால் சொல்ல முடியாது. அப்புறம், பெருந்தும்பை என்று சில ஊர்களில் சொல்வது பேய்மிரட்டியை. ஊதாப் பூ, தடித்த வெல்வெட் இலை, கடுமையான வாடை. கெடுதலான செடி இல்லை, ஆனால் கீரையும் இல்லை. காசித்தும்பை என்பது வெறும் அழகுப் பூச்செடி.

காலிமனையில் பறிக்கலாமா? நான் பறிக்க மாட்டேன். நகரத்துக் காலிமனை என்றால் நாய், பன்றி, கட்டட இடிபாடு, சில சமயம் மனைக்காரர் ஆள்வைத்து அடித்த களைக்கொல்லி. சாலையோரம் என்றால் வண்டிப் புகையும் சேரும். தும்பை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் பார்த்தீனியமும் இருக்கும். அதுவும் வெள்ளைப் பூதான். கைபட்டாலே சிலருக்குத் தோல் அரித்துத் தடித்துவிடும், தும்மல்காரப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதன் மகரந்தமும் வேண்டாத விருந்தாளி. சதுர்த்திச் சந்தையில் கட்டுக்கட்டாக வரும் தும்பையையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். எங்கே பறித்தது என்று விற்பவருக்கே தெரியாது. அந்த மனையிலிருந்து எடுக்க வேண்டியது விதை மட்டும்.

தும்பைக்குப் புதினா போல ஓடுதண்டு கிடையாது. தண்டை ஒடித்து ஊன்றி நேரத்தை வீணாக்க வேண்டாம், விதைதான் சுலபம். பூ முடிந்து, கணுவில் உள்ள குப்பிகள் பழுப்பாகிக் காய்ந்த தண்டாகப் பார்த்து நறுக்கி, காகிதப் பைக்குள் தலைகீழாகப் போட்டு ஒரு வாரம் நிழலில் தொங்கவிடுங்கள். அப்புறம் கையால் கசக்கினால் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் அதிகபட்சம் நான்கு சிறு பழுப்பு விதைகள் விழும். செடியிலேயே அதிகம் காயவிட்டால் விதை மண்ணில் கொட்டிவிடும். வெறும் கூடுதான் கிடைக்கும். கொட்டிப்போயிருந்தால் செடியடி மேல்மண்ணை ஒரு கை அள்ளி வந்து தூவலாம். முளைத்து வரும், ஆனால் பார்த்தீனியமும் கூடவே வரும். கேரட் இலை மாதிரிக் கிழிந்த இலையோடு வருவதை இனம் கண்டு, கையுறை போட்டு, பூக்குமுன் பிடுங்க வேண்டும். இந்த வேலை உங்களுக்கு எதற்கு? விதையாகவே எடுங்கள்.

விதைக்க ஆடிக் கடைசி முதல் ஐப்பசி வரை நல்ல காலம். உங்கள் பக்கம் புரட்டாசி, ஐப்பசி மழையில் போட்டால் மார்கழி, தையில் பூவாக நிற்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்தால் போதும். தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். பத்துப் பன்னிரண்டு அங்குல வாயுள்ள தொட்டி ஒன்றில் மூன்று நான்கு செடி நிற்கும். விதையை மேலாகத் தூவி, அது மறைந்தும் மறையாமலும் இருக்கும்படி மணலைச் சலித்துப் போட்டு, பூவாளியால் நனையுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். எல்லா விதையும் ஒரே நாளில் முளைக்காது. காட்டு விதைகளுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு, ஒரு மழையை நம்பி எல்லாம் எழுந்துவிடுவதில்லை. பத்து நாளில் நாலு, மூன்று வாரத்தில் இன்னும் சில என்று வரும். பொறுங்கள், கிளறாதீர்கள். நான்கைந்து இலை வந்ததும் நெருக்கமானதை மண்ணோடு பெயர்த்து வேறு தொட்டிக்கு மாற்றலாம்.

நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் நெட்டையாக வளர்ந்து சாயும். மேல்மண் காய்ந்தால் தண்ணீர். பாசத்தில் உரத்தை அள்ளிப் போட்டால் இலை கொழுத்துப் பூ குறைந்துவிடும். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். கிள்ளியதுதான் முதல் கீரை. மாவுப்பூச்சியோ அசுவினியோ வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். சமையலுக்குப் போகும் செடியில் மருந்து அடிக்காதீர்கள். பூக்க ஆரம்பித்தால் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தொட்டியைத் தேடி வரும். மாடியில் கத்திரி, பூசணி வைத்திருந்தால் அவற்றுக்கும் லாபம். தொட்டிக்கு ஒரு செடியைக் கிள்ளாமல் விதைக்கென்று விட்டுவையுங்கள்.

சமையல். கொழுந்து இலை, பூப்பதற்கு முன் பறித்தது, கசப்புக் குறைவு. முற்றிய இலை கசக்கும், நாரும் சேரும். முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள், வீட்டில் யாரும் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்கள். துவையலுக்கு ஒரு கைப்பிடி தும்பைக் கொழுந்தோடு ஒரு கைப்பிடி கொத்தமல்லியோ கறிவேப்பிலையோ சேருங்கள். நல்லெண்ணெயில் இரண்டு ஸ்பூன் உளுந்து, மூன்று காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கீரையை நன்றாகச் சுருள வதக்குங்கள். பச்சை நெடி போகும்வரை வதக்குவதில்தான் ருசி இருக்கிறது. புளி கொஞ்சம் தாராளமாக, தேங்காய் ஒரு கை, உப்பு, எல்லாம் சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் கசப்பு ஒரு மூலையில் ஒதுங்கி நின்று வேலை செய்யும். பாசிப்பருப்போடு வேகவைத்துச் சின்ன வெங்காயம், சீரகம் தாளித்துக் கடைந்தால் பையனும் சாப்பிடுவான். அவனுக்கு ஒரு கரண்டி போதும்.

பூ கசக்காது. மிளகு ரசம் கொதித்து இறக்கும்போது ஒரு சின்னக் கைப்பிடி பூவைப் போட்டு மூடிவிடுங்கள். சளி பிடித்த நாளில் அந்த ரசத்துக்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை, இது மருத்துவராக அல்ல, சாப்பாட்டுப் பிரியனாகச் சொல்வது. பூவைப் பறித்த அன்றே பயன்படுத்துங்கள். குப்பிக்குள் எறும்பு ஒளிந்திருக்கும், தண்ணீரில் போட்டு அலசி எடுங்கள்.

பெரியவர்களின் மருந்துப் பயன் என்று வந்தால், சித்த மருத்துவம் தும்பையைக் கோழையகற்றி, வெப்பமுண்டாக்கி என்று வகைப்படுத்துகிறது. சளி, தலைபாரம், பசியின்மை ஆகியவைதான் அதன் களம். ஆய்வகத்திலும் எலிகளிலும் இதன் சாற்றை வைத்து நிறையச் சோதனைகள் நடந்திருக்கின்றன, வலி, வீக்கம், கிருமிகள் மீது ஓரளவு வேலை செய்வதாகத் தெரிகிறது. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய அளவில் மனிதர்களிடம் நடத்தி முடிவு கண்ட மருந்து இல்லை இது. அதனால் நான் வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மூன்று பக்குவத்தை மட்டும் சொல்வேன்.

தலைபாரத்துக்கு ஆவி: நொச்சியும் தும்பையும் ஒவ்வொரு கைப்பிடி, மஞ்சள் ஒரு சிட்டிகை, கொதிக்கவைத்து இறக்கிய பிறகு ஐந்து நிமிடம். பெரியவர்களுக்கு மட்டும். குழந்தையைப் போர்வைக்குள் கொதிநீரோடு உட்காரவைத்துச் சட்டி கவிழ்ந்து வெந்துபோன கதைகள் மருத்துவமனைகளில் ஏராளம், அதனால் பையனுக்கு ஆவியும் வேண்டாம். அடுத்தது தலைக்கு எண்ணெய்: கால் லிட்டர் நல்லெண்ணெயில் இரண்டு கைப்பிடி பூவைப் போட்டுச் சிறு தீயில், சடசடப்பு அடங்கி ஈரம் வற்றும்வரை காய்ச்சி வடிகட்டி, வாரம் ஒருமுறை தேய்த்துக் குளிக்கலாம். பூவின் ஈரம் மிஞ்சினால் எண்ணெய் நாறிப்போகும். காய்ச்சல் இருக்கும் நாளில் எண்ணெய்க் குளியல் கூடாது. மூன்றாவது, நான் மேலே சொன்ன ரசம்தான்.

பச்சைச் சாற்றைத் தினமும் வெறும் வயிற்றில் குடிப்பது இப்போது பரவிவரும் பழக்கம். தேவையில்லை. கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கீரையாக எப்போதாவது சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பாம்புக்கடி பற்றி அத்தை சொன்னதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடந்துபோக முடியாது. தும்பைச் சாறு குடித்துப் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள், ஏனென்றால் கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சில்லாதவை, நஞ்சுப் பாம்பும் சில கடியில் நஞ்சை இறக்குவதில்லை. அந்தக் கடிகளுக்குத் தண்ணீர் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். கட்டுவிரியன் கடி வலிக்காது, பெரும்பாலும் தூக்கத்தில் கடிக்கும். விடியும்போது கண் இமை சொருகி, மூச்சுத் தசை நின்றுபோகும். அந்த நேரத்தில் தும்பை தேடிக்கொண்டிருந்தால் ஆளை இழந்துவிடுவோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருபவர்களும் நம் இருளர் மக்கள்தான், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. செடிகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சு ஊசி மருந்தாகத்தான் நம்மிடம் திரும்பி வருகிறது என்பதை அத்தையிடம் சொல்லுங்கள். தேள்கடிக்கும் அப்படித்தான். செந்தேள் கொட்டி வியர்த்துக் கொட்டினால், கை கால் சில்லிட்டால் 108-ஐ அழையுங்கள். மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் இருந்த மருத்துவர் பவாஸ்கர் பிரசோசின் என்ற சாதாரண மாத்திரையால் அந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டியிருக்கிறார்.

கடைசியாக, கருகும் புதினா. தும்பை வைத்தால் அந்தக் கவலை தீரும் என்று நினைத்திருப்பீர்கள். தீராது. தும்பை ஓராண்டுக்கும் குறைவாக வாழும் செடி, பங்குனி சித்திரையில் விதை கொட்டிக் காய்ந்துவிடும். அதைக் காப்பாற்றத் தண்ணீர் ஊற்றிப் போராட வேண்டாம், பிடுங்கிப் போட்டுவிட்டு விதையைக் காகிதப் பொட்டலத்தில் கட்டி ஆடி வரை வையுங்கள். காய்ந்த செடியைச் சாயங்காலம் வாசலில் புகை போட்டால் கொசு கொஞ்சம் விலகும், பையன் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், புகையும் அவன் மூக்குக்கு ஆகாது. புதினாவைக் கோடையில் மாடியிலிருந்து இறக்கி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில், ஆழமில்லாத அகலத் தொட்டியில் வைத்து, மண்ணின் மேல் தேங்காய் நாரையோ சருகையோ மூடாக்குப் போடுங்கள். வெயில் ஏறுமுன் தரையோடு ஒட்ட நறுக்கிவிட்டால் ஓடுதண்டு மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்து, ஆனியில் காற்று மாறியதும் துளிர்க்கும்.